எல்லைச்சாமி முதல் கலயம் குடித்த கதை

அந்தக் காலத்தில் மரநாய் பகலில்தான் திரியும். பேசவும் செய்யும். நரியும் பேசும், காக்காயும் பேசும். ஆனால் மரநாய் அளவுக்குத் தேவையில்லாமல் பேசுகிற பிராணி வேறு கிடையாது. சாமிகளும் அப்போது கல்லாக நிற்கவில்லை. கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்டார்கள். வேலை இருந்தால் "பிறகு வா" என்றார்கள்.

வடலிக்காடு என்று ஓர் ஊர். செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரி. பனையைத் தவிர அங்கே ஒன்றும் உருப்படியாக வளராது. அந்த ஊருக்கு இரண்டு சாமிகள். ஊர் நடுவில் மதிலும் வாசலும் வைத்துக் குடியிருந்தவள் நடுவூர் அம்மன். ஊர் முடிகிற இடத்தில், ஒற்றைப் பனையின் அடியில், கையில் அரிவாளோடு காவல் நின்றவர் ஒத்தப்பனையார். அவர் அண்ணன், அவள் தங்கச்சி.

காவல் நிற்கிறவரை யார் நினைக்கிறார்கள்? பாலும் பழமும் பொங்கலும் எல்லாம் அம்மனுக்குத்தான் போகும். ஒத்தப்பனையாருக்கு வெயிலும் காற்றும்தான். வருஷத்தில் ஒரு நாள், பதநீர்ப் பொங்கல் அன்று மட்டும், தங்கச்சி ஆள் விட்டு அழைப்பாள். அவரும் மீசையைத் தடவி விட்டுக்கொண்டு மதிலுக்குள் போய், இலை போட்டு உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவார். அந்த ஒரு சாப்பாட்டை வைத்துத்தான் வருஷம் முழுக்க நின்றார். அப்போது அவர் கண் சிவப்பு இல்லை. நுங்குச்சுளை மாதிரி வெள்ளையாக இருக்கும்.

பனை ஒன்றுதான், பாளை ஒன்றுதான், வடிகிற சாறும் ஒன்றுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர் இறங்கும். தடவாமல் கட்டினால் கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஊரில் பாதிச் சண்டைக்கும் பாதி அழுகைக்கும் அந்த விரல்நுனிச் சுண்ணாம்புதான் காரணம்.

அம்மனுக்குக் கள் ஆகாது. சும்மா ஆகாது என்று சொல்லவில்லை. ஒரு கொடைத் திருவிழாவின்போது இரண்டு பேர் குடித்துவிட்டுக் கோயிலுக்குள் கட்டிப் புரண்டார்கள். விளக்கு சாய்ந்து ஒரு சின்னப்பிள்ளையின் பாவாடையில் தீப்பிடித்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அன்றைக்கே அம்மன் சொல்லிவிட்டாள்: "கள்ளு வாடையோட ஒருத்தரும் என் மதிலைத் தாண்டக் கூடாது. குடியை விடணும்னு நினைக்கிறவன் என் முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். ரெண்டு தடவை உடைச்சாப் பொறுப்பேன். மூணாவது தடவை உடைச்சா, பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஊரைவிட்டுப் போயிரணும்."

அந்த ஊரில் மாசானம் என்று ஒரு பனையேறி. ஏறுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. குடிப்பதிலும் இல்லை. சந்தோஷமாக இருந்தால் குடித்தான். வருத்தமாக இருந்தால் குடித்தான். இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு ஏன் ஒன்றுமே இல்லை என்று யோசித்துக் குடித்தான்.

முதல் சத்தியத்தை மச்சினன் கல்யாணத்தில் உடைத்தான். இரண்டாவதை உடைக்கக் கல்யாணம்கூடத் தேவைப்படவில்லை. மழை வந்தது, மரத்தடியில் ஒதுங்கினான், அங்கே கலயம் இருந்தது.

மூன்றாவது சத்தியத்துக்கு முன்னால் அவன் அம்மனிடம் கொஞ்சம் வாக்குவாதம் செய்து பார்த்தான்.

"தாயே, சத்தியம் பண்ணிட்டுப் போயிருதேன். ஆனா சாயங்காலம் நாக்கு வறளுது, உடம்பு நடுங்குது. அப்ப நான் யார்கிட்ட வர? உன் வாசலுக்கு வந்தா வாடை அடிக்குதுன்னு பூசாரி விரட்டுதாரு."

"குடிக்காம வா. விரட்ட மாட்டாங்க" என்றாள் அம்மன்.

"குடிக்காம இருக்க முடியலைன்னுதானே வாரேன்? சீக்கு தீந்த பிறகு வா, மருந்து தாரேன்னு சொல்லுத வைத்தியர் மாதிரியில்ல இருக்கு!"

பக்கத்தில் நின்ற ஆதிமூலப் பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, அம்மன்கிட்ட வாய் பேசாத. கற்பூரத்தை அணை."

மாசானம் அணைத்தான். உள்ளங்கை சுட்டது. வாசலில் அவன் பெண்டாட்டி பேராச்சி, ஐந்து வயது மகள் முத்தரசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. இரண்டு சத்தியத்துக்கு அழுதாயிற்று. "இது உடைஞ்சா நீங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். நல்லா யோசிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள்.

இந்தத் தடவை அவன் நிஜமாகவே விட்டான்.

முதல் மூன்று நாள் வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் தூக்கம் போனது. கை நடுங்க ஆரம்பித்தது. சோற்றுக் கவளம் வாய்க்குப் போகும் முன்னே பாதி சிந்தும். ஆனாலும் மரம் ஏறாமல் இருக்க முடியுமா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஏறினான். மேலே ஏறினால் பக்கத்து மரத்துக் கள் வாடை காற்றில் வரும். அதனால் வாயையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினான். எந்தப் பனையேறியும் இறக்குகிற கலயத்தை ஒருமுறை மோந்து பார்ப்பான், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பான். இனிப்பா புளிப்பா என்று தெரிய வேண்டாமா? மாசானம் அதையும் விட்டான். நாக்கில் ஒரு சொட்டு பட்டால் கலயம் மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும்.

மரநாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கும் மாசானத்துக்கும் பழைய கூட்டு. ஒரே கலயத்தில் குடித்தவர்கள்.

"மச்சான், என்ன வாயைக் கட்டியிருக்கீரு? பல் வலியா?"

மாசானம் கலயத்தை மாற்றிக் கட்டுவதிலேயே இருந்தான்.

"பேசக் கூடாதுன்னும் சத்தியமோ?"

"சும்மா கெடவே" என்றான் துண்டுக்குள் இருந்து.

"நான் சும்மாதான் கெடக்கேன். நீருதான் ஒண்ணுமில்லாததுக்குக் கஷ்டப்படுதீரு."

அப்படிப் பதினேழு நாள் போயிற்று. பதினேழாம் நாள் பதநீர்ப் பொங்கல்.

அந்தப் பொங்கலுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பனையேறியும் ஒரு கலயம் பதநீர் கொடுக்க வேண்டும். மரத்தின் மேலேயே கலயத்தின் வாயை ஓலையால் மூடிக் கட்டிவிட வேண்டும். மூச்சுக்காற்றுகூட உள்ளே படக் கூடாது. அம்மன் முன்னால் கொண்டுபோய் வைத்த பிறகுதான் ஓலையைப் பிரிக்க வேண்டும். பிறகு எல்லாக் கலயத்தையும் ஒரே பானையில் ஊற்றி அரிசி போட்டுப் பொங்குவார்கள். குடிகாரன் என்று பெயர் எடுத்ததால் நான்கு வருஷமாக மாசானத்தின் கலயத்தை யாரும் வாங்கவில்லை. இந்த வருஷம் பேராச்சி போய்ப் பூசாரியிடம் கேட்டாள். அவரும் அரைமனதாகச் சம்மதித்தார். கலயத்தை அம்மன் ஏற்றுக்கொண்டால் சத்தியம் நின்றது என்று அர்த்தம். ஊரார் நடுவில் அவனும் ஒரு மனுஷனாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிடலாம்.

முந்தின நாள் சாயங்காலம் மாசானம் ஏழு மரத்துக்கு ஏழு கலயம் எடுத்து வைத்துச் சுண்ணாம்பு தடவினான். கை நடுக்கத்தில் சுண்ணாம்பு கலயத்தில் பாதி, காலில் பாதி. ஆறு கலயத்துக்குத் தடவினான். ஏழாவதை எடுத்தபோது சுண்ணாம்பு தடவுகிற மட்டை கை தவறிக் கீழே விழுந்தது, அதைத் தேடி எடுத்தான், மணலைத் தட்டினான், அதற்குள் எந்தக் கலயம் ஆனது எது ஆகவில்லை என்பது மறந்து போயிற்று. எல்லாம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். இவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

காலையில் இருப்பதிலேயே நல்ல மரம் எதுவோ அதில் ஏறினான். கலயம் நிரம்பி இருந்தது. துண்டு மூக்கில் இருந்தது. மோந்து பார்க்கவில்லை. ஓலையால் வாயை மூடி, நாரால் இறுக்கிக் கட்டி, நெஞ்சோடு அணைத்து இறக்கினான். அப்படியே கோயிலுக்கு நடந்தான். பேராச்சி புதுச்சேலை கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். முத்தரசி முன்னால் ஓடினாள்.

வழியிலேயே வெயில் ஏறிவிட்டது. கலயம் உள்ளே முணுமுணுத்தது. அணைத்துப் பிடித்திருந்தவனுக்கு அது தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் என்றுதான் தோன்றியது.

கோயிலில் வரிசையாகக் கலயங்கள் இருந்தன. மாசானம் மதிலைத் தாண்டி, நான்கு வருஷத்துக்குப் பிறகு பொங்கல் கலயத்தோடு அம்மன் முன்னால் வந்து நின்றான். கீழே வைப்பதற்காகக் குனிந்தான். அவ்வளவுதான், உள்ளே பொங்கிக்கொண்டிருந்தது ஓலையை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. நுரை அவன் முகத்திலும் நெஞ்சிலும் அடித்தது. அம்மன் முன்னால் போட்டிருந்த மாக்கோலத்தில் கள் வழிந்தது. கோயில் முழுக்க வாடை.

ஊரார் அவரவர் கலயத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதற்குக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"கள்ளு" என்றார் ஆதிமூலப் பூசாரி. "அம்மனுக்குக் கள்ளைக் கொண்டாந்திருக்கான்."

"இல்ல சாமி, இது பதனி! நான் சுண்ணாம்பு..." என்று ஆரம்பித்தான் மாசானம். நுரை அவன் தாடையில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"ஊது பாப்போம்."

துண்டை அவிழ்த்துவிட்டு ஊதினான். தலையிலிருந்து கால்வரை கள்ளில் நனைந்தவன் ஊதினால் என்ன வாடை வரும்? பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாசானம் பேராச்சியைப் பார்த்தான். "நான் குடிக்கல பேராச்சி. நம்ம பிள்ளை மேல சத்தியம்."

பேராச்சி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதே வார்த்தையை இதே குரலில் அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பொய் சொன்னபோதும் அவன் இப்படித்தான் சொன்னான், மெய் சொல்லும்போதும் இப்படித்தான் சொல்கிறான். எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பாள்? மகளை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அம்மனுக்கும் வருத்தம்தான். ஆனால் வாசலில் கள் ஓடிக்கொண்டிருந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். "எடுத்துக்கிட்டுப் போ. பொழுது சாயுறதுக்குள்ள எல்லையைத் தாண்டிரு" என்றாள்.

பாதிக்கு மேல் மிச்சம் இருந்த கலயத்தைத் தூக்கிக்கொண்டு மாசானம் நடந்தான். யாரும் கூட வரவில்லை.

தேரி மணல் உச்சி வெயிலில் கொதித்தது. எல்லையில் ஒற்றைப் பனைக்கு மேலே மரநாய் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாரும் மச்சான், வாரும்! வாடை அரைக் காததூரம் அடிக்குது. நல்ல சரக்கு போல?"

மாசானம் நிழலில் உட்கார்ந்தான். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டான். பதினேழு நாளைக்குப் பிறகு துண்டு இல்லாத மூக்கு. உள்ளே கள் இன்னும் லேசாகக் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

"குடிக்கலைன்னு சொன்னீரு, நம்பினாங்களா?" என்றது மரநாய்.

"இல்ல."

"அப்ப குடிச்சா மட்டும் என்ன ஆகப் போகுது? கெட்ட பேரு வந்தாச்சு. பேருக்கு உண்டானதையாவது அனுபவியும்."

அது சொன்னதில் தப்பு இருப்பதாக மாசானத்துக்குத் தெரியவில்லை. கலயத்தை இரண்டு கையாலும் தூக்கினான்.

"ஏலே மாசானம்."

பனைக்கு அந்தப் பக்கம் ஒத்தப்பனையார் நின்றுகொண்டிருந்தார். தலை சீவி, மீசைக்கு எண்ணெய் தடவி, வெளுத்த வேட்டி கட்டி, தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய கோலம். அழைக்க வரும் ஆளுக்காகக் காத்திருந்தார்.

"என்னலே இது?"

"கள்ளு, ஐயா."

"அது தெரியுது, எனக்கும் மூக்கு இருக்கு. குடிச்சியா?"

"குடிக்கல ஐயா." சொல்லிவிட்டு அவனே கசப்பாகச் சிரித்தான். "நீங்களும் நம்ப வேண்டாம்."

"நான் ஏன்லே நம்பணும்? எனக்குத்தான் தெரியுமே" என்றார் ஒத்தப்பனையார். "தினமும் இந்த வழியாத்தானே மரத்துக்குப் போயிட்டு வார? முன்னெல்லாம் நீ திரும்பிப் போனா மணல்ல பாம்பு போன மாதிரித் தடம் கெடக்கும். பதினேழு நாளா நேர்த்தடம். காவல்காரனுக்கு வேற என்ன வேலை? எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். பதினேழு."

பதினேழு நாளில் மாசானத்தை நம்பி ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் கலயத்தைக் கீழே இறக்கினான். ஆனால் விடவில்லை.

"ஐயா, உள்ளதைச் சொல்லிருதேன். இதுவரைக்கும் குடிக்கல. இப்பக் குடிக்கப் போறேன்."

"கீழ ஊத்திரேன்."

மாசானம் கலயத்தைச் சாய்க்கப் பார்த்தான். கை சாயவில்லை. மறுபடி பார்த்தான். கலயம் இன்னும் இறுக்கமாக நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"முடியல ஐயா. ஊத்த முடியல. வச்சிட்டுப் போகவும் முடியல. என்னை அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்லுங்க, அதுவும் முடியாது."

"அது வேலைக்கு ஆகாது ஐயா. எனக்குத் தெரியாதா அவரை?" என்றது மேலிருந்து மரநாய்.

ஊருக்கு நடுவில் பொங்கல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. வெந்த அரிசியும் பதநீரும் கலந்த வாசனை காற்றில் வந்தது. ஒரு வருஷமாக ஒத்தப்பனையார் காத்திருந்த வாசனை. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"எங்கிட்டக் குடு."

"ஐயா?"

"கீழ ஊத்த உன்னால முடியாது. என் கையில குடுக்க முடியுமான்னு பாரு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"குடிப்பேன். இது யார் வயித்துக்காவது போயே தீரும்னா என் வயித்துக்குப் போகட்டும்."

மாசானம் பதறிவிட்டான். "ஐயா, நீங்க குடிச்சா அம்மன் மதிலுக்குள்ள போக முடியாதே! இன்னைக்கு உங்களுக்கு அங்க சாப்பாடாச்சே!"

"தெரியும்லே. குடு, வெயிலடிக்குது."

மாசானம் நீட்டினான். எப்படி நீட்டினோம் என்று அவனுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. கீழே ஊற்ற மறுத்த கை, கேட்டவர் கையில் கொடுக்க மறுக்கவில்லை. ஒத்தப்பனையார் கலயத்தை வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். அதுவரை பனித்துளியைத் தவிர எதுவும் குடிக்காத சாமி. எண்ணெய் தடவிய மீசை முழுக்க நுரை. ஒரு விக்கல் வந்தது. அடுத்து இன்னொன்று. நுங்குச்சுளை மாதிரி இருந்த கண்ணில் ஓரத்திலிருந்து சிவப்பு ஏறி ஏறி, செம்பருத்திப் பூ மாதிரி ஆகிவிட்டது.

"நல்லாவா இருக்கு இது?" என்றார். "இதுக்காகவா இத்தனை பாடு?"

"போகப் போகப் பழகிரும் ஐயா" என்றது மரநாய்.

"நீ பேசாத." அரிவாளை எடுத்துத் தோளில் சாய்த்தார். காலியான கலயத்தை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டார். "வாலே. ஊருக்குள்ள போவோம். என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்க. தரை ஆடுது."

குடியை விட்டவன் குடித்த சாமியைத் தாங்கிக்கொண்டு போனதை அன்றைக்கு வடலிக்காடு முழுக்கப் பார்த்தது. பொங்கல் பானையை இறக்கியிருந்தார்கள். ஒத்தப்பனையார் கோயில் வாசல்வரை வந்து, மதிலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"தங்கச்சி!"

அம்மன் வாசலுக்கு வந்தாள். அண்ணன் கண்ணைப் பார்த்தாள். "அண்ணே, நீயா?"

"நான்தான். நான் குடிச்சிருக்கேன். இவன் குடிக்கல. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆதிமூலப் பூசாரி முன்னால் வந்தார். "ஐயா, அவன் கொண்டாந்ததே கள்ளு..."

"யோவ், இந்தக் கலயத்துக்குள்ள பாரும்" என்று ஒத்தப்பனையார் அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "வெள்ளை எங்கயாவது ஒட்டியிருக்கா? இல்ல. சுண்ணாம்பு தடவ மறந்திருக்கான். ஏன் மறந்தான்? அவன் கையைப் பாரும்."

எல்லாரும் பார்த்தார்கள். மாசானத்தின் கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"குடிச்சா அந்தக் கை நிதானமா நிக்கும்வே. குடியை விட்டதாலதான் நடுங்குது. நடுங்கினதால சுண்ணாம்பு விட்டுப் போச்சு. நாக்குல பட்டாச் சத்தியம் உடைஞ்சிரும்னு மூக்கைக் கட்டிக்கிட்டு ஏறினதால வாடை தெரியல. சத்தியத்தைக் காப்பாத்தப் போய்த்தான் மாட்டிக்கிட்டான்."

பூசாரி கலயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பழுப்பு மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. பேராச்சி வந்து மாசானத்தின் கையைப் பிடித்தாள். அதன் நடுக்கம் அவள் கைக்கும் வந்தது. அவள் விடவில்லை. முத்தரசி மட்டும், "அப்பா, உங்க மேல நாறுது" என்றாள்.

"குளிச்சாப் போயிரும்ட்டி" என்றான் மாசானம்.

"மூணாவது சத்தியம் உடையல" என்றாள் அம்மன். "மாசானம், நீ உள்ள வா. குளிச்சிட்டு வந்து சாப்பிடு." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "உன்னை எப்படி அண்ணே உள்ள விடுவேன்?"

"விடாத."

"உனக்கு மட்டும் விட்டா, நாளைக்கு உன் பேரைச் சொல்லிட்டு எல்லாரும் வருவாங்க. புருஷன் குடிச்சிட்டு அடிக்கையில பொம்பளைங்க பிள்ளையைத் தூக்கிட்டு ஓடியாறது இங்கதான். ஊருல ஒரு இடமாவது கள்ளு வாடை இல்லாம இருக்கணும்ல?"

"இருக்கட்டும்" என்றார் ஒத்தப்பனையார். "நீ கதவைச் சாத்துறது சரிதான் தாயி. ஆனா சாத்தின கதவுக்கு வெளிய நிக்கிறவனுக்கும் ஒரு ஆள் வேணும்ல? அதுக்கு நான் இருக்கேன். எனக்குத்தான் வெளிய நின்னு பழக்கமாச்சே."

அம்மன் முதல் கரண்டிப் பொங்கலை இலையில் எடுத்துத் தானே கொண்டுவந்து மதிலுக்கு வெளியே அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கோணலாகத்தான், எல்லைக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவர் அந்த மதிலுக்குள் போகவே இல்லை.

மாசானம் அன்றோடு திருந்தி, சாகிற வரைக்கும் குடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பொய். ஐந்து மாதம் போல இருந்தான். ஒரு மழை நாளில் மரநாய் பேசிப் பேசியே அவனை ஒரு கலயத்தைக் காலி பண்ண வைத்துவிட்டது. மறுநாள் காலையில் தலைவலியோடு, வீட்டுக்கும் போகாமல், அம்மனிடமும் போகாமல் ஒற்றைப் பனைக்குப் போனான். கையில் புதிதாக இறக்கிய கலயம் ஒன்று. வாய் வைக்காமல் தூக்கி வந்திருந்தான்.

"ஐயா, விழுந்துட்டேன்."

"மரத்துல இருந்தா?"

"கலயத்துக்குள்ள."

ஒத்தப்பனையார் அவன் கொண்டுவந்ததை வாங்கிக் குடித்தார். கண் சிவந்தது. துடைத்துக்கொண்டு நின்றார்.

மாசானத்துக்குப் பொறுக்கவில்லை. "இது எத்தனாவது தடவைன்னு கேக்க மாட்டீங்களா ஐயா?"

"குடிச்ச நாளை எண்ண எனக்குத் தெரியாதுலே. குடிக்காத நாளை மட்டும்தான் எண்ணுவேன். முந்தாநாள் வரைக்கும் நூத்தி அறுபத்திரண்டு."

"நேத்துத்தான் உடைஞ்சு போச்சே. இனிமே ஒண்ணுல இருந்தா?"

"அந்த நூத்தி அறுபத்திரண்டு எங்கலே போயிரும்?" என்றார் ஒத்தப்பனையார். "தங்கச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ எல்லையைத் தாண்ட வேண்டாம். இன்னைக்கு நேரா வீடு போய்ச் சேரு. நூத்தி அறுபத்து மூணு."

மாசானம் திரும்பி நடந்தான். முதுகில் இரண்டு சிவந்த கண் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மணலில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தான்.

மரநாயை மட்டும் ஒத்தப்பனையார் சும்மா விடவில்லை. கீழே கூப்பிட்டார். "நீ குடி, குடிக்காமப் போ, அது உன் பாடு. ஆனா விட நினைக்கிறவனைக் கூப்பிட்டுக் குடிக்க வச்ச பாரு, அந்த வாய் உனக்கு வேண்டாம். பகல்ல உன் முகத்தை எவனும் பார்க்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மரநாய் இருட்டின பிறகு தனியாகப் போய்க் கலயத்தில் வாய் வைக்கிறது. ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அன்று முதல்தான் எல்லைச்சாமிக்குக் கண் சிவப்பாக எழுதுகிறார்கள். அம்மனுக்குப் பொங்கி முதல் இலையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கிறார்கள். அன்று முதல்தான், குடியை விட நினைக்கிறவன், பால் குடிக்கிற சாமியைத் தாண்டிக் கள் குடிக்கிற சாமியிடம் போகிறான். ததும்பத் ததும்ப ஒரு கலயத்தை, தான் ஒரு சொட்டும் தொடாமல், அவர் காலடியில் வைத்துவிட்டு, நேராக நடந்து வீட்டுக்குப் போகிறான்.